சில்வர் ஓக்கா, கிழங்கு மாவா? நுண்துளைப் பீங்கானுக்கு எது அச்சு

பீங்கானில் வேண்டுமென்றே துளை வைக்க வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. உருகிய உலோகத்தை வடிகட்ட, சூடான வாயுவைச் சலிக்க, வினையூக்கியைத் தாங்க, வெப்பத்தைத் தடுக்க. இங்கே பார்க்கும் முறைகளுக்கு அடிப்படை ஒன்றே: எரிந்து போகும் ஒரு பொருளை வைத்துச் சுட்டால், அது இருந்த இடம் துளையாகும். சேலத்தில் அப்படி அச்சாக வைத்து எரிக்க மூன்று பொருள்கள் உண்டு. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் இருக்கிறது. கீழே இறங்கினால் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் இருக்கிறது. மூன்றாவது, எங்கும் கிடைக்கும் பாலியூரித்தேன் பஞ்சு.

பஞ்சை முதலில் முடித்துவிடலாம். 1963-இல் காப்புரிமை பெற்ற முறை இது: பஞ்சைப் பீங்கான் கூழில் நனைத்துப் பிழிந்து, உலர்த்திச் சுடுவது. வார்ப்பகங்களில் பயன்படும் வடிகட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. துளைப்பங்கு 80 சதவீதத்தைத் தாண்டும். பஞ்சு எரிந்த பிறகு ஒவ்வொரு நரம்பும் உள்ளே பொள்ளலாக நிற்பதால் வலு குறைவு.

ஸ்டார்ச் முறையில் எனக்குப் பிடித்த விஷயம், அது பசையாகவும் வேலை செய்வது. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) கூழில் கிழங்கு மாவைக் கலந்து அச்சில் ஊற்றி 60 முதல் 80 டிகிரி வரை சூடாக்கினால், மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, கூழ் அப்படியே இறுகிவிடும். பிறகு 500 டிகிரி வரை மெதுவாக ஏற்றி மாவை எரிக்க வேண்டும். சாதாரணக் காற்றுச் சூளையே போதும். மணிகள் ஏறக்குறைய 5 முதல் 35 மைக்ரான். துளையும் அந்த அளவை ஒட்டியே வரும். குறை என்னவென்றால், துளைகள் உருண்டையாக இருந்து குறுகிய கழுத்துகளால்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன. வாயு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்று: நம்மூர் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டெடுத்த மக்னீசியாவை இதில் போட ஆசை வரும். அது தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகும் என்பதால் அலுமினாவோடு தொடங்குவதே நல்லது.

மரத்தின் கதை வேறு. நீரும் சாறும் ஏறிய குழாய்கள் ஏற்கெனவே நேராக இருக்கின்றன. அந்த வடிவத்தை மாவாலும் பஞ்சாலும் தர முடியாது. மரத்தை நைட்ரஜன் அல்லது ஆர்கானில் 800 டிகிரிக்கு மேல் கருக்கினால் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விடும். நீளவாக்கில் சுமார் 20 சதவீதம் சுருங்கும். குறுக்கில் 30-ஐத் தாண்டும். ஆகவே சதுரக் கட்டை சதுரமாக வெளிவராது. நிமிடத்துக்கு 1 டிகிரிபோல் ஏற்றினாலும் பெரிய துண்டுகள் வெடிக்கும்.

கரி கிடைத்த பின் இரண்டு வழி. உருகிய சிலிக்கானை ஊட்டினால் (உருகுநிலை 1414 டிகிரி) கரி சிலிக்கான் கார்பைடாகும். வேகமான வழி, ஆனால் மீந்த சிலிக்கான் சிறு குழாய்களை அடைத்துவிடும். சிலிக்கான் மோனாக்சைடு ஆவியில் வைத்தால் அந்த அடைப்பு குறையும், நேரம் கூடும். இரண்டுக்கும் வெற்றிட உலையோ, காற்றுக்குப் பதில் ஆர்கான் போன்ற வாயு நிரப்பிய வாயு உலையோ வேண்டும். அந்தச் செலவுதான் சிறு பட்டறையைத் தடுத்து நிறுத்தும். கருக்காமலே மரத்தை அலுமினா சோலில் (மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் திரவம்) பலமுறை ஊறவைத்துக் காற்றில் எரிக்கலாம். மலிவு, ஆனால் கிடைப்பது மெலிந்த சுவர்.

ஆனால் மரம் தோற்காத இடம் ஒன்று உண்டு. இத்தாலியின் ஃபாயென்சாவில் பிரம்பைக் கருக்கி, படிப்படியாக எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றினார்கள். ரத்தக்குழாய் புகும் அளவுக்கு நேரான வழி அங்கே தேவைப்பட்டது.

உருகிய அலுமினியத்தை வடிகட்டவா, பஞ்சு. வெப்பத்தடுப்புச் செங்கலா, மாவு. செலவு இன்னும் குறைய வேண்டுமானால் மரத்தூள். ஒரே திசையில் தடையின்றி ஓட்டம் வேண்டுமா, மரம். சேலத்தில் காற்றுச் சூளை மட்டும் வைத்திருப்பவர் மாவில் தொடங்குவார் என்றுதான் நான் சொல்வேன். கல்லூரி ஆய்வகத்தில் வாயு உலை இருந்தால் சில்வர் ஓக்கை முயலலாம். அதன் அகலமான கதிர்த் திசுக்கள் (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் பட்டைகள்) மேசைப் பலகையில் அழகுதான். கருக்கும்போது விரிசல் அங்கேதான் பிடிக்கும் என்பது என் சந்தேகம். நிழல் கழிக்கையில் விழும் கிளைகள் எளிதில் கிடைக்கும் என்று அதை எடுக்க வேண்டாம். சாய்ந்து வளர்ந்த கிளையின் மேற்பக்க மரம் நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும். மர அறுவை மில்லில் நேரான அடிமரத் துண்டாகக் கேட்டு வாங்கி, விரலளவில் அறுத்துத் தொடங்குங்கள்.