ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியா, டவுன் மெட்ரிக் பள்ளியா?

பல்லடம் வட்டாரத்தில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் மே மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். நடந்து போகும் தூரத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியா, வாசலுக்கே வேன் அனுப்பும் மெட்ரிக் பள்ளியா? நாங்கள் மகளை உள்ளூரிலேயே சேர்த்தோம். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கட்டணம், புத்தகம், சீருடை, மதிய உணவுக் கணக்கெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கூச்சமின்றி ஆங்கிலம் பேசுவதில் மெட்ரிக் பிள்ளைகள் முன்னே நிற்கிறார்கள்; கழிப்பறையும் அங்கேதான் சுத்தம். மைதானமும் வேப்பமர நிழலும் இங்கே தாராளம். இவற்றை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் எடுக்கிறார்கள். எனக்கு முதலில் வழக்கு இருப்பதும் அங்கேதான்.

சிறிய பள்ளியில் 25 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினால், ஒருவர் தவறியதும் விகிதம் 96 ஆகிவிடும். மூவர் தவறினால் 88. நானூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் கால் சதவீதம்தான் குறையும். போன வருடம் நூறு, இந்த வருடம் எண்பத்தெட்டு என்றால் பள்ளி கெட்டுப்போய்விட்டது என்று பொருளல்ல. மூன்று வீடுகளில் ஏதோ நடந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டும் சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளை வந்து சேரும் இடம் எங்கள் பள்ளி. அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். கணக்கில் எத்தனை பேர் 60-க்கு மேல் எடுத்தார்கள், எத்தனை பேர் 35-ஐ ஒட்டித் தேறினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, யார் படிக்கிறார்கள் என்பது. தலைமை ஆசிரியர் அறையில் ஒரு கரும்பலகை தொங்கும். வகுப்பு, ஆண், பெண், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று கட்டம் போட்டு, எண்கள் மட்டும் சாக்பீஸில் அழித்து அழித்து எழுதப்பட்டிருக்கும். எங்கள் பள்ளிப் பலகையில் இருப்பவர்கள் விசைத்தறி, கறிக்கோழிப் பண்ணை, பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருபவர்கள் கணிசம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் சிலர் திரும்ப ஒரு மாதம் ஆகும், பாடம் விட்டுப்போகும். என் மகளுக்கு நேரசை, நிரையசை பிரிப்பதில் சந்தேகம் வந்தால் ஒடிசாத் தோழியிடம்தான் கேட்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் விசாரித்தது படிப்பை அல்ல.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: கணக்கு ஆசிரியர் பணியிடம்.

சிறிய உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான். ஆறு முதல் பத்து வரை கணக்கு முழுவதும் ஒருவர் தலையில். அவர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு மாறிப் போனாலும், மகப்பேறு விடுப்பில் சென்றாலும், ஐந்து வகுப்புக்கும் ஒரே நாளில் கணக்கு நின்றுவிடும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் மாற்றுப் பணியில் வாரம் இரண்டு நாள் வந்து போவார். மகள் ஏழாவது படித்தபோது ஜூனில் காலியான இடம் அரையாண்டுத் தேர்வு வரை நிரம்பவில்லை. முழுக்களில் குறை எண்ணிலிருந்து குறை எண்ணைக் கழிப்பது அவளுக்கு அந்த ஆண்டு பிடிபடவே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் என்பதால் நாங்களே தீர்மானம் போட்டு, பி.எட். முடித்த ஊர்ப்பெண் ஒருவரைத் தற்காலிகமாக வைத்துச் சமாளித்தோம்.

மெட்ரிக் பள்ளியில் இந்தத் தொல்லை கிடையாது. ஒருவர் போனால் அடுத்த வாரம் வேறொருவர் வந்துவிடுவார். ஆனால் சம்பளம் போதாமல் அவரும் போய்விடுவார். என் அண்ணன் மகன் ஒரே ஆண்டில் மூன்று கணக்கு ஆசிரியர்களைப் பார்த்தான். எங்கள் பள்ளிக்கு ஜனவரியில் வந்த நிரந்தர ஆசிரியரோ இன்றுவரை அதே பிள்ளைகளுக்கு எடுக்கிறார். வகுப்பில் இருபத்துச் சொச்சம் பேர் என்பதால் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க முடிகிறது. யாருக்கு எந்த இடத்தில் அடி சறுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். என் மகள் குறைக்குறியை விட்டுவிடும் இடத்தில் முன்கூட்டியே சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புகிறார். நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இது நடக்காது. பணியிடம் நிரம்பியிருந்தால் சிறிய அரசுப் பள்ளிக்கு ஈடில்லை. காலியாக இருந்தால் அதைப்போல மோசமும் இல்லை. சேர்க்கும் முன் அந்தக் கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பணியிட விவரத்தை நின்று படியுங்கள்.

சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேறினால், பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எட்டாவதை இங்கே படித்துவிட்டு ஒன்பதில் தனியாருக்கு மாற்றலாம் என்று கணக்குப் போடுபவர்கள், 7.5 ஒதுக்கீடு கைவிட்டுப் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பத்தோடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். இருபத்துச் சொச்சம் பேரோடு வளர்ந்தவள் பதினொன்றாம் வகுப்பில் பெரிய பள்ளிக்குப் போய் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்பதில் எனக்கு அனுபவம் கிடையாது. மூத்த மாணவிகள் இரண்டொருவர் முதல் பருவத்தில் திணறிப் பிறகு தேறினார்கள் என்று கேள்வி. அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குப் பணியிடம் தொடர்ந்து காலி என்றால், உடனே மெட்ரிக் வேனைக் கூப்பிட வேண்டாம். டவுன் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருப்பார்கள், ஒதுக்கீட்டுத் தகுதியும் அறுபடாது. பஸ் பாஸ் இலவசம்தான். காலை எட்டேகால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு.