கண் லென்ஸ்: கடன் விற்பனையா, கன்சைன்மென்டா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில், நோயாளி அன்றே வீடு திரும்பும் கண் அறுவை மையங்களுக்குப் பொருள் கொடுப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பில் போட்டுக் கடனுக்கு விற்பது. மற்றது, இருப்பை மையத்திலேயே வைத்துவிட்டுப் பொருத்தியதற்கு மட்டும் பில் போடும் கன்சைன்மென்ட். கையுறை, சிரிஞ்ச், பஞ்சு வகைகளுக்கு முதல் வழியே போதும். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸுக்கு நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

கடன் விற்பனையில் கணக்கு எளிது. பணம் வருவதுதான் தாமதம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்னும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும், வாங்கி விற்கும் நம்மைப் போன்ற வணிகருக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பணமன்று, காலாவதி. எந்தப் பவர் வேண்டும் என்பது நோயாளியின் கண்ணை அளந்த பிறகே தெரியும். அரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) இடைவெளியில் 16 முதல் 26 வரை ஒவ்வொன்று வைத்தாலே 21 லென்ஸ் ஆகிறது. அவற்றில் நடுப் பவர்கள் வேகமாகத் தீர்ந்துவிட, ஓரத்துப் பவர்கள் பெட்டியிலேயே கிடந்து, கிருமிநீக்கம் செல்லுபடியாகும் காலம் கடந்து வீணாகும். ஆகவே விலைக்கு வாங்கும் மையம் ஓரத்துப் பவர்களைத் தொடவே தயங்கும். வாங்கியது காலாவதியானாலோ, உறவு கெடக்கூடாதென்று நாமே மாற்றித் தர நேரும். விற்றுவிட்டோம் என்பது பில்லில் மட்டும்தான். கன்சைன்மென்டில் பொருள் என்னுடையதாகவே இருப்பதால், சீரியல் எண் வாரியாகப் பதிவேடு வைத்து, குளச்சலில் ஓடாத லென்ஸை நாள் இருக்கும்போதே நாகர்கோவிலுக்கு மாற்ற முடிகிறது. டெலிவரி சலானில், அதாவது பில் போடாமல் பொருளோடு அனுப்பும் சீட்டில், அனுப்பிய பொருளுக்கு, பொருத்தியவுடனோ ஆறு மாதம் முடிந்தவுடனோ, எது முந்தியதோ அப்போது ஜிஎஸ்டி பில் போட்டாக வேண்டும் என்பதால், அந்தக் கெடுவையே மாற்றும் நாளாகவும் வைத்துக்கொள்கிறேன். முதலீடு முடங்குவதும், மாதந்தோறும் நேரில் போய் எண்ணுவதும் இதற்குக் கொடுக்கும் விலை.

எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகடு, திருகு ஆகியவற்றில் என் அனுபவம் சொற்பம். எந்த அளவு தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத நிலை அங்கும் உண்டு என்றாலும், பல அளவுகள் அடங்கிய செட் முழுவதையும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்து நிரப்பும் வேலை கூடுவதால், இதே முடிவை அங்கே அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கன்சைன்மென்டுக்கு இறங்குபவர், உறை பிரித்த பின் பொருத்தாமல் போன லென்ஸ் யார் கணக்கில் சேரும் என்பதை முதல் சலானுக்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். லென்ஸிலேயே குறை இருந்தாலன்றி, நான் அதை மையத்தின் கணக்கில்தான் சேர்க்கிறேன்.