மலாக்கா வாக்கிங் டூர்: கதை சூப்பர், ஓட்டம் தான் ஜாஸ்தி

சிங்கப்பூர்லேர்ந்து பஸ் புடிச்சு மலேசியால இருக்க மலாக்கா போனோம், நானும் வீட்டுக்காரரும் அத்தையும். மூணு மணி நேர வாக்கிங் டூர் ஒன்னு ஆன்லைன்ல புக் பண்ணிருந்தோம், கம்பெனி பேரு வேணாம் விடுங்க.

ஆரம்பமே செவப்பு சதுக்கம். டச்சுக்காரன் கட்டின ஸ்டாட்ஹவுஸ் (அவங்க ஆபீஸ் மாளிகை), 1753ல முடிச்ச சர்ச்சு, சுத்தி ஹலோ கிட்டி பொம்மை ஒட்டின ட்ரைஷா, அதான் சைக்கிள் ரிக்‌ஷா எல்லாம் பாட்டை அலற விட்டுட்டு நிக்குது, கைடு சொல்றது பாதி காதுலயே விழல. அங்கயே ஒரு மணி நேரம், பூரா போட்டோ தான்.

ஆத்தங்கரைல அந்த கைடு தம்பி சொன்னது மட்டும் கொடுத்த காசுக்கு தகும். இந்தியா பக்கத்துலேர்ந்து வர்ற கப்பலுக்கு ஒரு காத்து, சீனாலேர்ந்து வர்றதுக்கு வேற காத்து, காத்து திரும்புற வரைக்கும் மாசக்கணக்குல இங்கயே கெடக்கணும், அப்படி கெடந்தவங்க கடை போட்டு கல்யாணம் பண்ணி குடும்பமாவே ஆகிட்டாங்களாம். சுல்தான் காலத்துல துறைமுகத்துக்கு நாலு ஷாபந்தர் (துறைமுக அதிகாரி), எந்த ஊரு வியாபாரிக்கு எவர்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் காலத்துல இங்க இருந்த போர்ச்சுகீஸ்காரர் டோமே பீரெஸ் இங்க 84 மொழி பேசுறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார்.

இவ்ளோ சொல்லிட்டு அதை கண்ணால பாக்குற தெருவுக்கு, அதான் துக்காங் எமாஸ், பத்தே நிமிஷம் தான்னா எப்படிங்க? 1781ல செட்டிங்க கட்டின பொய்யாத விநாயகர் கோயிலைப் பாத்ததும் அத்தை செருப்பை கழட்டிட்டு உள்ள போயிட்டாங்க, கைடு வாட்சையே பாக்குறான். அந்த மலாக்கா செட்டிங்க நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்து வியாபாரிங்க வழி வந்தவங்க, வீட்ல பேசுறது மலாய், கும்புடுறது நம்ம சாமி. இதை கைடு சொல்லல, நான் முன்னாடியே படிச்சது.

"நீங்க போங்க தம்பி"ன்னு அவனை அனுப்பிட்டு நாங்களா சுத்துனோம். கொஞ்ச தூரத்துல கம்போங் கிளிங் மசூதி, இந்திய முஸ்லிம் வியாபாரிங்க 1748ல ஆரம்பிச்சது, மினாரா அப்படியே சீன பகோடா மாதிரி அடுக்கடுக்கா நிக்குது! அங்கேர்ந்து கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக்கோயில், ஊதுபத்தி புகைல கண்ணு எரிஞ்சுது.

டூர்ல சேத்தி குடுத்த செண்டோல் (ஐஸ், தேங்காப்பால், வெல்லப்பாகு போட்ட இனிப்பு) வெறும் ஐஸ் தண்ணி. வெளில தனியா வாங்கினோம், அதுல ஊத்துற குலா மலாக்கா, அதான் இந்த ஊரு பனை வகை வெல்லப்பாகு, கெட்டியா, நம்ம கருப்பட்டி பாகு வாசனை அப்படியே.

3 ஸ்டார். ஆத்தங்கரை வரைக்கும் கைடோட போங்க, அப்புறம் கழண்டுக்கோங்க. கோயில் தரை வெயில்ல கொதிக்குது, காலைலயே போயிடுங்க.