போர்ஷே 928 எஸ்4: பெல்ட்டும் ஒற்றை போல்ட்டும்

பழைய 928 ஒன்றைப் பார்க்கப் போகிறீர்களா? ஓடோமீட்டரை அப்புறம் பார்க்கலாம். டைமிங் பெல்ட் (வால்வுகளை பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் ரப்பர் பெல்ட்) எந்த வருஷம் மாற்றியது என்று முதலில் கேளுங்கள், பில்லையும் காட்டச் சொல்லுங்கள். 1987 முதல் வந்த எஸ்4-இல் 4,957 சிசி வி8, 32 வால்வு, 320 குதிரைத்திறன். வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் இரண்டையும் சுற்றுவது அதே பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். ஓடாமலே நின்ற வண்டியிலும் ரப்பர் இறுகும். அதனால் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

புது பெல்ட் கொஞ்சம் நீளும். 2,000 முதல் 3,000 கி.மீ.க்குள் டென்ஷனை (பெல்ட்டின் இறுக்கத்தை) திரும்பச் சரிபார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியபின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) கடிகாரத் திசையில் இரண்டு சுற்று சுற்றி, முதல் சிலிண்டரை டிடிசியில் (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி அளக்கவும். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள் ஆயில் உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து அது வற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். டேஷ்போர்டில் பெல்ட் எச்சரிக்கை வந்தால் ஒயர் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இன்னொரு எமன் இருக்கிறான். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால், இன்ஜினிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் டார்க் டியூப் என்ற குழாய்க்குள் ஓடுகிறது. முன்பக்கம் அதை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (கிராங்கின் பின்முனையிலுள்ள மெல்லிய தகடு) பிடித்திருப்பது ஒற்றை போல்ட் கிளாம்ப். அந்தப் பிடி மெல்ல நழுவினால் ஃப்ளெக்ஸ் பிளேட் கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் தேயும், கடைசியில் கிராங்க் அலுமினிய பிளாக்கையே அரைத்துவிடும். அதன்பின் அந்த பிளாக் காயலான் கடைக்குத்தான்.

சோதிப்பது எளிது. அடி மூடியைக் கழற்றி கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். பிளேட் ‘டக்’கென்று பின்னால் நகர்ந்தால் அழுத்தம் ஏறியிருந்தது என்று பொருள். பிறகு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, அது அசையும் தூரத்தை அளக்கவும். 0.11 முதல் 0.31 மி.மீ. வரை சரி, 0.4-ஐத் தாண்டினால் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

மின்கோளாறு என்று வரும் பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் எர்த்துதான். பேட்டரி பின்பக்கம் இருக்கிறது. அதன் எர்த் பட்டை உள்ளுக்குள் பச்சை பூத்திருக்கும். மாற்ற அதிகம் செலவில்லை. ஃபியூஸ் பலகை, பயணி கால் வைக்கும் இடத்தில் மிதியடிக்கு அடியில். அங்கே ஈரம் தேங்கினால் விளக்கு, வைப்பர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சண்டை போடும்.

பெட்ரோல் ஹோஸ்கள் சூடான இன்ஜினுக்கு மேலேயே ஓடுகின்றன. பத்து வருஷம் தாண்டியிருந்தால் பார்க்க நன்றாகவே இருந்தாலும் மாற்றவும். கூலன்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பழசு சிலிண்டர் ஹெட்டை அரிக்கும்.

இத்தனைக்கும் ஏன் இதை வைத்திருக்கிறார்கள்? எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருப்பதால் ஆட்டோபானில் (ஜெர்மன் அதிவேகச் சாலை) மணிக்கு 200 கி.மீ.யிலும் ஸ்டியரிங் அலட்டாது. ஸ்டியரிங்கின் உயரத்தை மாற்றினால் மீட்டர் கூடும் சேர்ந்தே அசையும், அதனால் எண்கள் மறையாது. 86 லிட்டர் டேங்க். பின்சீட்டு குழந்தைகளுக்குத்தான், ஆனால் அவர்களுக்கும் வெயில் மறைப்பான் உண்டு!

இதன் முன்விளக்குகள் மடங்கியிருந்து, போடும்போது மேலே எழும்பும். அவை எழும்பாவிட்டால் பதற வேண்டாம். பானெட்டைத் திறந்து மோட்டார் முனையிலுள்ள குமிழைக் கையால் சுற்றினால் விளக்கு எழும்பிவிடும்.