வெந்நீருக்கு ஹீட்டரா, வானொலி அலையா?

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் அதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். பில்லைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

சரி, காற்றில் சும்மா பறக்கும் வானொலி அலையைப் பிடித்தால்? யோசனை ஒன்றும் பைத்தியக்காரத்தனமல்ல. கிரிஸ்டல் ரேடியோ பேட்டரியே இல்லாமல், ஆன்டெனாவில் விழும் அலையை வைத்தே காதுக்குள் பாடுகிறது. பெரிய ஒலிபரப்புக் கோபுரத்தின் பக்கத்தில் குழல் விளக்கைக் கையில் பிடித்தாலே ஒளிர்வதும் உண்டு.

ஆனால் தூரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. 50 கிலோவாட் நிலையத்தின் ஆற்றல் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால், 1 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு 4 மில்லிவாட்தான். 10 சதுர மீட்டரில் விழுவதை ஒரு துளி சிந்தாமல் பிடித்தாலும் 40 மில்லிவாட். அந்த 3.5 யூனிட் சேர 10 ஆண்டு! அதற்குள் தண்ணீர் எத்தனை முறை ஆறிப்போயிருக்கும்?

சின்ன சென்சாருக்கு வேண்டுமானால் இந்த அலை போதும். குளியலறைக்கு என் ஓட்டு ஹீட்டருக்கே, அதுவும் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்து. இலவச ஆற்றல்தான் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போங்கள்: உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட்.