பூ வைத்தவனையும் விடாத இசைத்தட்டு

1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹைட் ஆஷ்பரி பக்கம் தலையில் பூ வைத்துக்கொண்டு திரிந்த ஹிப்பிகளைத் திட்ட ஆள் பஞ்சமே இல்லை. அப்பா அம்மா, போலீஸ், பத்திரிகைக்காரர்கள் என்று வரிசையில் நின்று திட்டினார்கள். ஆனால் ஹிப்பிகளைப் போலவே முடி வளர்த்து, அவர்களைவிட விநோதமாக உடுத்திக்கொண்டு, அவர்கள் கேட்கிற ராக் இசையை வைத்தே அவர்கள் மானத்தை வாங்கிய குழு தி மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன். 1968 மார்ச்சில் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் 'வி ஆர் ஒன்லி இன் இட் ஃபார் தி மனி'. காசுக்காகத்தான் பாடுகிறோம் என்று தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள்.

குழுவின் மூளை ஃபிராங்க் ஸாப்பா. காபியும் சிகரெட்டும் உண்டு, போதை வஸ்து கிடையாது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மிதந்துகொண்டிருந்த காலத்தில் இவர் தெளிவாக உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். 'ஹூ நீட்ஸ் தி பீஸ் கோர்' பாட்டின் கடைசியில் அவரே பேசுகிற பகுதியைக் கேளுங்கள். புதிதாக ஹிப்பி ஆகப்போகிற ஒரு பையன் தன் திட்டத்தைச் சொல்கிறான். முதலில் மணி மாலை, அப்புறம் தலைக்குத் தோல்பட்டை, இறகு, மணிகள். அடுத்து, ஹைட் தெருவுக்கு எப்படிப் போவது என்று வர்த்தக சபையிடம் வழி கேட்பானாம்! அமைப்பை எதிர்த்துப் புறப்படுகிறவன் முதலில் போய் நிற்பது வியாபாரிகளின் வாசலில். ஸாப்பா இதைக் குரலை உயர்த்தாமல், கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். தெருவில் போலீஸ் உதைக்கும்போதும் போலீஸை நேசிப்பான் என்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றுவிடும்.

அட்டைப் படம் தனிக் கதை. பீட்டில்ஸ் 1967 ஜூனில் விட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டையை அப்படியே நையாண்டி செய்திருக்கிறார்கள். அங்கே நீல வானம், இங்கே இடி மின்னல். அங்கே பளபள ராணுவ உடுப்பு, இங்கே மீசையும் தாடியுமாகப் பெண்கள் அணியும் கவுன். கூட்டத்தில் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நிஜமாகவே வந்து நிற்கிறார். ஸாப்பா பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டும் விஷயம் முடியவில்லை. வழக்கு வந்துவிடுமோ என்று பயந்த நிறுவனம், நையாண்டிப் படத்தை உள்ளே தள்ளிவிட்டு உள்படத்தை வெளியே போட்டது. அதனால் பழைய பதிப்பு வாங்கினால் மஞ்சள் பின்னணியில் கவுன் போட்ட ஆண்கள்தான் முதலில் தெரிவார்கள். ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம், உள்ளே திறந்து பாருங்கள்.

எனக்குத் தொழில் ஒலித்தொகுப்பு. அதனால் பாட்டைவிட வெட்டும் ஒட்டும்தான் முதலில் காதில் விழும். இந்த ஆல்பத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் அறுபடுகிறது, கிதார் கீச்சிடுகிறது, அடுத்த பாட்டு தொடங்கியிருக்கிறது. குரல்களை ஸாப்பா வேகம் கூட்டிப் பொம்மைக் குரலாக்கியிருக்கிறார். ஒலிப்பதிவாளர் கேரி கெல்க்ரென் இருட்டறையில் பேசுவதுபோல் கிசுகிசுப்பார், ஸாப்பாவின் நாடாக்களையெல்லாம் ஒருநாள் அழித்துவிடப் போகிறேன் என்று. கணினியில் இதையெல்லாம் செய்ய எனக்கு அரை மணி போதும். அவர்கள் நாடாவை பிளேடால் அறுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் ஒன்றிரண்டு காதுக்குத் தெரிகிறது. தெரியட்டும், அந்த முரட்டுத்தனம் இந்த நக்கலுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நிறுவனம் ஆபாசம் என்று வெட்டச்சொன்ன 'மதர் பீப்பிள்' பாட்டின் ஒரு பகுதியை ஸாப்பா என்ன செய்தார் தெரியுமா? பின்னிருந்து முன்னாகத் திருப்பி, 'ஹாட் பூப்' என்று தனித் தலைப்புக் கொடுத்து இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில் சேர்த்துவிட்டார். தணிக்கை செய்தவர்கள் கையாலேயே கடைக்குப் போயிற்று.

'ஃப்ளவர் பங்க்' பாட்டை ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்க வேண்டும். ஹென்ட்ரிக்ஸ் பாடிப் பிரபலமான 'ஹே ஜோ'வில் துப்பாக்கியோடு போகிறவனைப் பார்த்துக் கேட்பார்கள், எங்கே போகிறாய் என்று. இங்கே கையில் பூவோடு போகிறவனைப் பார்த்து அதே கேள்வி. தாளம் ஐந்துக்கும் ஏழுக்கும் தாவிக்கொண்டே ஓடுகிறது, கால் தட்டினால் தோற்றுப்போவீர்கள். கடைசியில் இரண்டு காதிலும் இரண்டு குரல் ஒரே சமயத்தில் பேசும். அதில் ஒன்று, ராயல்டி காசோலை வந்தால் என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடுகிற ராக் பாடகன். கார் வாங்கலாம், வேண்டாம், மோட்டார் சைக்கிள், வேண்டாம், படகு, கடைசியில் நிலபுலன் வரை போய்விடுகிறான். ஆல்பத்தின் தலைப்பு இந்த இடத்தில்தான் முழுதாக விளங்குகிறது.

இவ்வளவோடு போயிருந்தால் கெட்டிக்காரக் கிண்டல் என்று சொல்லி அலமாரியில் வைத்திருப்பேன். 'மாம் அண்ட் டாட்' வைக்கவிடுவதில்லை. மெதுவான பாட்டு, ஆல்பத்தில் வேஷமே இல்லாத ஒன்று. போலீஸ் சுட்டுப் பிள்ளைகள் செத்தார்களாம், பார்க்கவே ஒரு மாதிரி இருந்தார்கள், வேண்டியதுதான் என்று பெற்றோர் வீட்டில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்துக்குப் பூசுகிற கிரீமுக்கும் லோஷனுக்கும் நடுவே ஒரு நிமிஷம் உண்மையான பாசம் காட்டினாயா என்று பாட்டு அம்மாவைக் கேட்கிறது. கடைசியில் சுடப்பட்டவர்களில் அவர்கள் மகளும் ஒருத்தி. 1970 மே 4 அன்று ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பாட்டு அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. ஹிப்பிகளை இவ்வளவு கேலி செய்தவர், அவர்களைச் சுடும்போது யார் பக்கம் நிற்கிறார் என்பதில் எனக்கு இதற்குப் பிறகு சந்தேகம் வந்ததில்லை.

குறை இல்லையா? உண்டு. கடைசிப் பதிவு ஆறு நிமிஷத்துக்கு மேல் நீளும் ஒலிக்கலவை. கேட்கும் முன் எழுத்தாளர் காஃப்காவின் தண்டனைக் குடியிருப்புக் கதையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று அட்டையில் உத்தரவு வேறு. அந்த உத்தரவில், கேட்பவரை அடைக்கப்போவதாகச் சொல்கிற முகாமுக்கு, அப்போது கலிஃபோர்னியா கவர்னராக இருந்த ரீகன் பெயரையே வைத்திருக்கிறார்கள். குறிப்பு பிரமாதம். ஆனால் அந்தச் சிரிப்பொலிகளும் பியானோ உரசல்களும் நான்கு நிமிஷத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகின்றன. அப்புறம், பெண்களைப் பற்றிய சில கிண்டல்கள் இன்று கேட்டால் மட்டமாகத்தான் படுகின்றன.

வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. எண்பதுகளில் ஸாப்பா இதன் பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் ஆர்தர் பாரோ, சாட் வாக்கர்மேன் இருவரை வைத்துப் புதிதாக வாசிக்கச் செய்து பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேர்த்தார். 1986 சிடியில் இருப்பது அதுதான். வாசிப்பில் குற்றமில்லை, ஆனால் அறுபதுகளின் குரலுக்கு அடியில் எண்பதுகளின் டிரம்ஸ் துள்ளுவது சகிக்கவில்லை. பழைய கலவை 1995 சிடியில் திரும்பி வந்தது. அதையோ அதற்குப் பிந்தியதையோ தேடி எடுங்கள். இணையத்தில் கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள். 'பௌ டை டாடி' அரை நிமிஷப் பாட்டு, தனியாக வந்தால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள்.