நிறம் மட்டும் மாறினால் போதுமா? மூன்று தலைகீழ் உலகங்கள்

கறுப்பர்கள் ஆள, வெள்ளையர்கள் அடங்கிக் கிடக்கும் உலகத்தைக் கற்பனை செய்த படங்கள் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1995இல் வந்த 'ஒயிட் மேன்ஸ் பர்டன்'. ஜான் டிரவோல்டா நடித்த படம் என்பதுதான் காரணம். அதற்கு 9 ஆண்டு முன்பே, 1986இல், ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'பாபகியூரியா' என்ற அரை மணி நேரப் படம் வந்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், யோசிக்காமல் சின்னதைப் பாருங்கள்.

டெஸ்மண்ட் நகானோ இயக்கிய ஹாலிவுட் படத்தில் டிரவோல்டா ஆலைத் தொழிலாளி, ஹாரி பெலஃபான்டே முதலாளி. பார்சல் கொடுக்கப் போன இடத்தில், ஜன்னலில் தெரிந்த முதலாளியின் மனைவி மீது தொழிலாளியின் பார்வை தற்செயலாகப் பட்டுவிடுகிறது. வேலை போகிறது, போலீசிடம் அடி வாங்குகிறான், வீடும் போகிறது, கடைசியில் முதலாளியையே கடத்துகிறான். அதன் பிறகு இது சாதாரணக் கடத்தல் கதை. டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் கறுப்பு முகங்கள், பொம்மைக் கடையில் வெள்ளைக்காரப் பையன் கேட்பதும் கறுப்பு நாயகன் பொம்மை. இப்படிச் சில இடங்கள் சுருக்கென்று தைக்கின்றன. ஆனால் அந்த நாட்டில் கறுப்பர்கள் எப்படி ஆட்சிக்கு வந்தார்கள்? படம் வாயே திறக்கவில்லை. ஹாலிவுட் கறுப்பர் குடியிருப்புக்கென்று வைத்திருக்கும் அதே அச்சில் வெள்ளையரை வார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'பாபகியூரியா'வில் சீருடை அணிந்த பழங்குடியினர் படகில் வந்து இறங்குகிறார்கள். கரையில் வெள்ளையர்கள் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று தலைவர் கேட்கிறார். "பார்பிக்யூ ஏரியா" (இறைச்சி சுடும் இடம்) என்று பதில் வருகிறது. அது அவர் காதில் 'பாபகியூரியா' என்று விழுகிறது. நாட்டுக்குப் பெயர் வைத்தாயிற்று! அப்புறம் முழுவதும் டிவி ஆவணப்படப் பாணி. பழங்குடி நிருபர் ஒரு வெள்ளைக் குடும்பத்தோடு தங்கி, கால்பந்து ரசிகர்களின் கூச்சலை ஏதோ சடங்கு போலக் கனிவாக விளக்குகிறார். அரசு வந்து அந்தக் குடும்பத்தின் மகளை அழைத்துப் போகிறது. பெற்றோர் பேச்சற்று உட்கார்ந்திருக்க, நிருபர் அவளுக்கு நல்ல வாழ்க்கை அமையப் போவதைப் பற்றிப் புன்னகையோடு பேசுகிறார். ஆஸ்திரேலிய அரசு பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது 1970 வாக்கில்தான் ஓய்ந்தது. படம் வந்தபோது அந்தப் பிள்ளைகள் பலருக்கு நடுத்தர வயதுகூட ஆகியிருக்காது.

இப்படிப்பட்ட கதைகள் மீது ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. அதிகாரம் கிடைத்தால் கறுப்பர்களும் இதைத்தான் செய்வார்கள் என்று சொல்லி, செய்தவர்களின் கையைக் கழுவிவிடுகின்றன என்பது. ஹாலிவுட் படம் இதில் வசமாக மாட்டுகிறது. வரலாறே இல்லாத உலகில் கொடுமை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொது குணமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு நம் இரக்கம் போய்ச் சேர்வதும் வெள்ளை நட்சத்திரத்திடம். 'பாபகியூரியா' தப்பிப்பதற்குக் காரணம், அதிலுள்ள அமைச்சரும் அதிகாரியும் பேசுவதெல்லாம் வெள்ளை அதிகாரிகள் நிஜத்தில் பேசிய தொனி. கேமராவும் மைக்கும் யார் கையில் என்பதையும் சேர்த்தே அது புரட்டுகிறது. எழுதிய ஜெஃப்ரி ஏதர்டனும் இயக்கிய டான் ஃபெதர்ஸ்டோனும் வெள்ளையர்கள். சொந்தத் தரப்பின் பேச்சு அவர்களுக்குத் தெரியாதா என்ன.

மாலரி பிளாக்மனின் நாவலை வைத்து 2020இல் பிபிசி எடுத்த 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்' தொடர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐரோப்பாவை 'ஏப்ரிகா' என்ற கற்பனை ஆப்பிரிக்கப் பேரரசு பிடித்து 700 ஆண்டு ஆகிவிட்டது என்று ஒரு வரலாறு சொல்கிறது. உடை, முடி அலங்காரம் எல்லாம் அதற்கேற்ப. வெள்ளைப் பையனின் காயத்தில் ஒட்டப்படும் பிளாஸ்டர் அடர் பழுப்பு. அந்தத் தோலில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இது வராது. ஆனால் காதல், குண்டுவெடிப்பு, துரோகம் என்று தொடர் நீள நீள அந்தக் கூர்மை மழுங்குகிறது.

டிரவோல்டா படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பெலஃபான்டேவுக்காகப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் பக்கத்தில் நின்று போராடியவர், விருந்து மேசையில் உட்கார்ந்து, இந்த வெள்ளையர்களைத் திருத்த முடியுமா என்று நாசூக்காகக் கேட்கும் பணக்காரராக வருகிறார். குரல் ஒரு முறைகூட உயர்வதில்லை.